அம்பத்தூர் எஸ்டேட்டில் கசியும் பைன் பிசின்

அம்பத்தூரில் பைன் மரம் கிடையாது. டிசம்பர் வந்தால் சில வீட்டு வாசலில் தொட்டியோடு நட்சத்திரம் மாட்டிக்கொண்டு நிற்கிற கிறிஸ்துமஸ் மரம் அராகேரியா. பைனுக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். கொடைக்கானலில் நாம் போட்டோ எடுத்துக்கொள்ளும் பைன் காடுகூட வெள்ளைக்காரர் காலத்தில் நட்டு வளர்த்தது. தென்னிந்தியக் காட்டில் தானாக முளைக்கிற ஊசியிலை வகை என்று தேடினால் மேற்குத் தொடர்ச்சி மலையில் நாகேயா என்று ஒன்றே ஒன்று. அதற்கும் இலை ஊசியாக இருக்காது, அகலமாக இருக்கும்.

அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு பைன் பிசின் பற்றி எழுத எனக்கு என்ன வந்தது என்றால், காரணம் எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்தான். "பைன் மரப் பிசின் எல்லாக் கிருமியையும் கொல்லும், அதனால்தான் முன்னோர்கள் சாம்பிராணி போட்டார்கள், கற்பூரம் ஏற்றினார்கள்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றிச் சுற்றி வருகிறது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையக் குழப்பமும் இருக்கிறது. சாம்பிராணி பைன் பிசினே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஸ்டைராக்ஸ் என்ற வேறு மரம். குங்கிலியமும் பைன் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிற சாமான்களில் பைன் குடும்பத்தில் உடனே ஞாபகத்துக்கு வருவது இமயமலையிலிருந்து வரும் தேவதாருக் கட்டை. ஆனால் பைன் பிசின் அம்பத்தூருக்குள் தினமும் வருகிறது, நாம் நினைக்காத வழிகளில்.

எஸ்டேட்டுக்குள், அதாவது எங்கள் தொழிற்பேட்டைக்குள், பழைய பேலட் பிரித்து விற்கிற இடங்கள் உண்டு. வெளிநாட்டு மெஷின் எந்தப் பெட்டியில் வந்து இறங்குகிறதோ அந்தப் பெட்டிதான் சரக்கு. பாதிக்குப் பாதி பைன். நம்மூர் ஆசாரிகளுக்கு அது இன்னும் கள்ளிப்பெட்டிப் பலகைதான். ஒவ்வொன்றிலும் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை சூடு வைத்தமாதிரி இருக்கும். பக்கத்திலேயே நாட்டின் இரண்டெழுத்துக் குறி, அதற்கடுத்து 'ஹெச்டி' அல்லது 'எம்பி'. ஹெச்டி என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூடு ஏறி, அரை மணி நேரம் அப்படியே இருந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. எம்பி என்றால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது.

அப்படி ஒரு ஹெச்டி பலகையில்தான் எங்கள் சமையலறை ஷெல்ஃப். "இது முடிச்சுல பால் விடும்மா, வார்னிஷ் அடிச்சாலும் நிக்காது" என்று ஆசாரி அப்போதே சொன்னார். அக்கினி நட்சத்திரத்தில் பார்த்தால் அவர் சொன்னதுபோலவே, மரக்கண்ணின் ஓரத்தில் வார்னிஷைக் கிளப்பிக்கொண்டு தேன் நிறத்தில் ஒரு துளி. எந்த நாட்டிலோ அறுத்து, அடுப்பில் காய வைத்து, கப்பலேறி வந்த மரம், இன்னும் கசிகிறது. தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டது. சோப்பு, சபீனா எதற்கும் அசையவில்லை. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டதும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

தண்ணீருக்கு மசியாது, கொழுப்புக்கு மசியும் என்கிற இந்தக் குணத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

மரம் எதற்கு இதைச் செய்கிறது? நமக்கு மருந்து தருவதற்காக இல்லை. பைன் மரத்தின் பட்டையிலும் கட்டையிலும் பிசின் ஓடுகிற மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. பட்டைத் துளைப்பான் வண்டு ஓட்டை போட்டால், அந்த ஓட்டை வழியே அழுத்தத்தோடு பிசின் வெளியே வந்து வண்டைத் தள்ளுகிறது, முடிந்தால் மூழ்கடிக்கிறது. வண்டு தனியாக வருவதில்லை, காலிலும் முதுகிலும் பூஞ்சையை ஏற்றிக்கொண்டு வரும். அதையும் பிசின் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்காகப் பிசினில் இரண்டு பாகம் இருக்கிறது. ஒன்று காற்றில் ஆவியாகிற டர்பன்டைன். ஆல்பா பைனீன், பீட்டா பைனீன், கேரீன் போன்ற சின்ன மூலக்கூறுகள். இன்னொன்று அபியடிக் அமிலம் மாதிரியான கனமான பிசின் அமிலங்கள். டர்பன்டைன் பிசினை இளக்கி ஓட வைக்கிறது. காயத்தை எட்டியதும் அது பறந்துவிட, மிச்சம் கெட்டியாகிப் புண்ணை மூடிவிடுகிறது.

மனிதன் இதே பிரிப்பைத் தொழிற்சாலையில் செய்கிறான். இமாசலத்திலும் உத்தராகண்டிலும் சிர் பைன் மரங்களில் பட்டையைக் கீறி, கீழே கிண்ணம் மாட்டி, வாரத்துக்கு ஒருமுறை கீறலைப் புதுப்பித்துப் பிசின் எடுக்கிறார்கள். அதைக் காய்ச்சி வடித்தால் சுமார் 70 சதவீதம் ரோசின் என்கிற கெட்டிப் பாகம், 20 சதவீதம்வரை டர்பன்டைன். நாகனிலும் பரேலியிலும் இதற்கென்றே பழைய ஆலைகள் இருந்தன. கற்பூரத் தைலம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த டர்பன்டைனைத்தான். (பெயின்ட் கடையில் 'டர்பன்டைன்' என்று கேட்டால் இப்போது பெரும்பாலும் தருவது பெட்ரோலியத்தில் எடுத்த மினரல் டர்பன்டைன். அதற்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை. அதை வாங்கி முட்டிக்குத் தேய்த்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.)

இனி கிருமி விஷயம். இதில் உருப்படியாக வேலை பார்த்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். அங்கே லாப்லாந்துப் பக்கம், பைனுக்கு நெருங்கிய சொந்தமான ஸ்ப்ரூஸ் மரத்தின் பிசினை வெண்ணெயிலோ பன்றிக் கொழுப்பிலோ காய்ச்சிப் புண்ணுக்குப் போடுவது தலைமுறை தலைமுறையாக உண்டு. அர்னோ சிப்போனென் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் இல்லை, அப்படியே கும்பிட்டு ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். 2007-ல் வந்த முடிவு: கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள் எதை வைத்துச் சோதித்தாலும் பிசின் களிம்பு அவற்றின் வளர்ச்சியைத் தடுத்தது. மெத்திசிலினுக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ உள்பட. ஆனால் கிராம் நெகட்டிவ் கூட்டத்தில் புரோட்டியஸ் வல்காரிஸ் ஒன்றைத் தவிர மற்றவை அசரவில்லை.

அடுத்து நோயாளிகளிடம் போனார்கள். படுக்கையிலேயே கிடப்பவர்களுக்கு வருகிற படுக்கைப் புண் எவ்வளவு கொடுமை என்று வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். 37 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பிசின் களிம்பு, இன்னொரு பிரிவுக்கு வழக்கமான நவீனப் புண்கட்டு. ஆறு மாதம் முடிந்தபோது கடைசிவரை இருந்தவர்களில் பிசின் பிரிவில் 13 பேரில் 12 பேருக்குப் புண் முழுதாக ஆறியிருந்தது. மற்றதில் 9 பேரில் 4 பேருக்கு. 2008-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் இது வந்தது. நல்ல முடிவுதான். ஆனால் சின்ன ஆய்வு, பாதியில் விலகியவர்கள் அதிகம். முப்பத்தேழு பேரை வைத்து "எல்லாக் கிருமியையும் கொல்லும்" என்று எழுதுகிற தைரியம் குரூப்பில் இருக்கிற எங்கள் சித்தப்பாவுக்குத்தான் வரும்.

எனக்குப் பிடித்தது அந்த வெண்ணெய். பிசினைப் புண்ணில் நேராக அப்பினால் உரித்தெடுக்க முடியாது, தண்ணீரில் கரைத்தாலோ கரையாது. கொழுப்பில் காய்ச்சினால்தான் வழிக்கு வரும். என் ஷெல்ஃப் தேங்காய் எண்ணெயில் சொன்ன அதே சேதி. நம்ம சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் என்று ஒரு களிம்பு இருக்கிறதே, அதிலும் இதேதான் நடக்கிறது. குங்கிலியத்தை நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவிக் கடைந்தால் வெண்ணெய் மாதிரி வெளுத்துத் திரண்டு வரும். தீப்புண்ணுக்கும் மூலத்துக்கும் போடுவார்கள். மரம் வேறு, கண்டம் வேறு. லாப்லாந்துக் கிழவியும் நம்மூர் வைத்தியரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் இருவரும் கை வைத்தது கொழுப்பில். பின்லாந்துக் களிம்புக்கு மருத்துவமனைச் சோதனை நடந்து, இப்போது பெட்டியில் அடைத்து மருந்துக்கடையில் விற்கிறார்கள். குங்கிலிய வெண்ணெய்க்கும் அந்த மாதிரி சீட்டுக் குலுக்கிச் சோதனை நடத்திப் பெரிய அளவில் வெளியிட வேண்டும் என்பது என் ஆசை. அரும்பாக்கத்திலும் தாம்பரம் சானடோரியத்திலும் அதற்கான நிறுவனங்கள் இருக்கின்றன.

சரி, டைபாய்டு, வயிற்றுப்போக்குக் கிருமிகள் சேர்ந்த கிராம் நெகட்டிவ் கூட்டம் பிசினுக்குப் பெரும்பாலும் மசியவில்லையே, ஏன்? அந்தக் கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. அபியடிக் அமிலம் 302 எடை உள்ள குண்டு மூலக்கூறு, அந்தச் சவ்வைத் தாண்டுவது அதற்குக் கஷ்டம். இங்கேதான் பிசினின் இன்னொரு பாகம், பறந்துபோகிற டர்பன்டைன், வேலைக்கு வருகிறது. டர்பன்டைனில் இருக்கும் பைனீனை அமிலத்தோடும் தண்ணீரோடும் வினைபுரிய வைத்தால் டெர்பினியால் கிடைக்கும். எடை 154, கிட்டத்தட்டப் பாதி. அதுதான் பைன் ஆயிலின் முக்கியச் சரக்கு. குடலில் வாழ்கிற கிராம் நெகட்டிவ் கூட்டத்தின் மேல் அது நன்றாக வேலை செய்யும். தோலில் சீழ் வைக்கிற ஸ்டாஃபைலோகாக்கஸ் மேல் வலு குறைவு. அதாவது ரோசின் எங்கே தோற்கிறதோ அங்கே பைன் ஆயில் ஜெயிக்கிறது, பைன் ஆயில் தடுமாறுகிற இடத்தில் ரோசின். ஒரே மரம்தான், காய்ச்சி வடித்த பிறகு இரண்டும் வேறு வேறு மருந்து. "பைன் பிசின் கிருமியைக் கொல்லும்" என்று யாராவது சொன்னால் எந்தப் பாகம், எந்தக் கிருமி என்று கேட்கவேண்டியது அதனால்தான்.

பைன் ஆயில் நம் வீட்டுக்குள் வருகிற வழி வெள்ளைப் பினாயில். எங்கள் தெருவில் ட்ரைசைக்கிளில் கேன் கேனாக வைத்துக்கொண்டு "ஆசிட்டு, பினாயிலு, சோப்பாயிலே" என்று ஸ்பீக்கர் அலறிக்கொண்டு ஒருவர் வருவார். அவரிடம் ஒருநாள் கேட்டேன்.

"அண்ணே, இதுல பைன் ஆயில் இருக்கா?"

"மோந்து பாரு தங்கச்சி. ஒரிஜினல் பைனு."

"வாசனை இருக்கு. எத்தனை பர்சென்ட்டுண்ணே?"

"தண்ணில ஊத்து, பால் மாதிரி ஆவும். வேற இன்னா வேணும்?"

இரண்டுமே அத்தாட்சி இல்லை. பைன் ஆயில் தண்ணீரில் கரையாது. கூடவே கலந்திருக்கும் சோப்பு அதைப் பொடிப்பொடித் துளிகளாகப் பிடித்து வைத்திருக்கும். பக்கெட் தண்ணீரில் ஊற்றியதும் அந்தத் துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. ஊற்றின இடத்திலிருந்து வெண்மை மேகம்போல இறங்கிப் பரவுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வேறு எந்த மலிவு எண்ணெயை அப்படிச் சோப்பில் பிடித்து வைத்தாலும் பால்தான். வாசனைக்கு ஒரு மூடி சென்ட் போதும். அமெரிக்காவில் 1929-லிருந்து விற்கிற பைன்-சால் என்ற புகழ்பெற்ற பிராண்டே இப்போது தன் வழக்கமான பாட்டிலில் பைன் ஆயில் போடுவதில்லை. பெயரில் பைன், மணத்திலும் பைன், உள்ளே இல்லை. கடையில் வாங்குகிற பாட்டிலில் 'ஆர்டபிள்யூசி' என்று ஒரு எண் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். ரிடியல், வாக்கர் என்ற இருவர் 1903-ல் கொண்டுவந்த சோதனை அது. டைபாய்டு கிருமியைக் கொல்வதில் கார்பாலிக் அமிலத்தைவிட இந்தத் திரவத்தை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்யலாம் என்பதைச் சொல்லும். எண் 5 என்றால் ஐந்து மடங்கு. கவனியுங்கள், சோதிப்பது டைபாய்டு கிருமியை வைத்து. கறுப்புப் பினாயில் வேறு ஜாதி, அது நிலக்கரித் தாரில் இருந்து வருவது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எஸ்டேட்டிலும் கொரட்டூர், பட்டரவாக்கம் பக்கமும் தண்ணீர் நின்றதே, வடிந்ததும் நாங்கள் எல்லாரும் செய்த முதல் வேலை சேற்றின் மேலேயே பினாயிலை ஊற்றியது. மனசுக்கு ஆறுதல், வீட்டுக்கு ஒன்றும் இல்லை. சேறும் அழுக்கும் இருந்தால் கிருமியிடம் போவதற்கு முன்னாலேயே மருந்து அதில் ஒட்டிச் செத்துப்போகும். முதலில் சேற்றை வழித்து, கழுவி, பிறகு பினாயில் தண்ணீரால் துடைத்து, சில நிமிஷமாவது ஈரமாகவே விட வேண்டும். ஃபேனைப் போட்டு உடனே காய வைத்தால் மணம்தான் மிச்சம். அதே ட்ரைசைக்கிளில் வாங்கிய ஆசிட்டைக் கார்ப்பரேஷன்காரர்கள் தூவிய பிளீச்சிங் பவுடர் மேல் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பூனை வளர்ப்பவர்கள் பைன் ஆயில் காயாத தரையில் அதை நடக்க விடாதீர்கள், பாதத்தை நக்கும், அதன் உடம்புக்கு ஆகாது.

கற்பூரத்துக்கு வருவோம். கோயிலில் காட்டுகிற கற்பூரம் ஒருகாலத்தில் கற்பூர மரத்திலிருந்து வந்தது. இப்போது ஏறக்குறைய எல்லாமே டர்பன்டைனில் இருந்துதான். கற்பூர மரம் இல்லாமல் ஆய்வுக்கூடத்திலேயே கற்பூரம் செய்யலாம் என்று 1903-ல் காட்டியவரும் ஒரு பின்லாந்துக்காரர், குஸ்தாவ் கொம்ப்பா. நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேரே போனால் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஏனாத்தூரில் காஞ்சி கற்பூரம் என்ற கம்பெனியின் ஆலை இருக்கிறது. பைனீனைக் கேம்ஃபீனாக்கி, அதை அசிட்டிக் அமிலத்தோடு சேர்த்து, பிறகு ஐசோபோர்னியால் ஆக்கி, கடைசியில் ஹைட்ரஜனை உருவினால் கற்பூரம். நம்ம சிர் பைன் டர்பன்டைனில் கேரீன்தான் அதிகம், தேவைப்படுகிற ஆல்பா பைனீன் குறைச்சல். அதனால் கற்பூரத் தொழிலுக்கு வெளிநாட்டுச் சரக்கைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரருக்குக் காட்டுகிற தீபாராதனையில் எங்கோ கடல்தாண்டி நிற்கிற பைன் மரம் எரிகிறது. எனக்கு இது சந்தோஷமான செய்தியாகத்தான் படுகிறது.

ஆனால் எரிகிற கற்பூரம் கிருமி கொல்லுமா? எரிந்தால் கரியும் கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும்தான், கற்பூரம் மிஞ்சாது. குரூப்பில் இதற்கு ஆதாரமாக ஒரு ஆய்வைக் காட்டுவார்கள். 2007-ல் லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மூடிய அறையில் கட்டையோடு ஓம மூலிகைகளைச் சேர்த்து ஒரு மணி நேரம் எரித்துப் பார்த்தபோது காற்றில் இருந்த பாக்டீரியா 94 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆய்வு உண்மை. ஆனால் அது மூடிய அறை, ஒரு மணி நேரப் புகை. ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தால் நுரையீரல் என்னாகும் என்பது வேறு கணக்கு. சாம்பிராணிப் புகையை நான் வெள்ளிக்கிழமை போடுகிறேன், வாசனைக்காக. மருந்து என்று சொல்லிக்கொண்டு கைக்குழந்தைக்குக் காட்டமாட்டேன். கற்பூர வில்லையைக் குழந்தை கையெட்டுகிற இடத்தில் வைக்கவும் கூடாது. வாயில் போட்டு விழுங்கினால் வலிப்பு வரும்.

கடைசியாக, இந்தப் பிசின் நமக்கு எதிராகத் திரும்புகிற இடம். என் தம்பி அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல், டிவி சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அவன் ஈயம் உருக்கி லெட் வைக்கும்போது கிளம்புகிற அந்த வெள்ளைப் புகை பெரும்பாலும் ஃபிளக்ஸ், அதாவது ரோசின். சூட்டில் பிசின் அமிலம் செம்பின் மேல் இருக்கும் களிம்பை அரித்தெடுக்கும், ஈயம் நன்றாகப் பிடிக்கும். பாக்டீரியாவைப் படுத்துகிற அதே அமிலங்கள்தான். அந்தப் புகையை வருஷக்கணக்கில் மூக்குக்கு நேராக இழுத்தால் ஆஸ்துமா வரலாம் என்பது மருத்துவ உலகில் நன்றாகத் தெரிந்த விஷயம். பிரிட்டனில் தொழில் ஆஸ்துமாவுக்கான காரணங்களின் பட்டியலில் ரோசின் புகையும் இருக்கிறது. தோல் டாக்டர்கள் அலர்ஜி கண்டுபிடிக்க முதுகில் ஒட்டுகிற பேட்ச் டெஸ்டிலும் ரோசின் வழக்கமான ஒன்று. காயத்துக்கு ஒட்டுகிற சில பழைய ரகப் பிளாஸ்திரியிலும், பார்லரில் போடுகிற சில வேக்ஸிலும் அது இருப்பதால் சிலருக்கு அந்த இடம் மட்டும் சிவந்து கொப்புளிக்கும். அபியடிக் அமிலம் புதிதாக இருக்கும்போது அவ்வளவு தொந்தரவு இல்லை, காற்றுப்பட்டு ஆக்சிஜன் ஏறின பிறகுதான் அலர்ஜி கிளம்புகிறது. அதனால் "இயற்கைதானே" என்று காட்டிலிருந்தோ கள்ளிப்பெட்டியிலிருந்தோ பிசினைச் சுரண்டிப் புண்ணில் போடுகிற யோசனை யாருக்கும் வேண்டாம்.

எஸ்டேட்டில் போர்டு அசெம்பிளி செய்கிற சின்ன யூனிட்டுகளில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து நாள் முழுக்க லெட் வைக்கிறார்கள். பெரிய கம்பெனிகளில் புகையை உறிஞ்சுகிற குழாய் மேஜையிலேயே இருக்கும். சின்ன இடங்களில் தலைக்கு மேலே ஒரு ஃபேன், அது புகையை முகத்துக்கே அடிக்கும். தம்பி கடையிலும் அப்படித்தான் இருந்தது. "ஃபேனைத் தூக்கிப் பக்கவாட்டுல வைடா, புகையை உன்கிட்டேருந்து ஜன்னல் பக்கம் இழுக்கிற மாதிரி" என்றேன். "அக்கா, அப்போ எனக்குக் காத்து வராதே" என்றான். இரண்டு ஃபேன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ரோசின் இல்லாத ஃபிளக்ஸும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கிடைக்கும் என்கிறான், விலையைச் சொல்லத்தான் தயங்குகிறான்.